ஜீன்ஸில் மிச்சமாகும் தண்ணீர்: லீவைஸ் கணக்கும் சேலத்துக் கணக்கும்

ஒரு ஜீன்ஸ் பேன்ட், பருத்திக் காட்டில் தொடங்கிக் குப்பைக்குப் போகும்வரை 3,781 லிட்டர் தண்ணீரைச் செலவழிக்கிறது. லீவைஸ் நிறுவனம் தன் 501 மாடலை வைத்து 2015ல் வெளியிட்ட வாழ்நாள் கணக்கு இது. பருத்தி விளைவிக்க 2,565 லிட்டர். நூலாக்கி, சாயமேற்றி, நெய்து துணியாக்க 236. வெட்டித் தைத்து, பழசு போலத் தெரிய ஆலையிலேயே வாஷ் செய்ய 34. பட்டன், ஜிப், பேக்கிங் முதலியவற்றுக்கு 77. போக்குவரத்துக்கும் கடைக்கும் 10. வாங்கியவர் வீட்டில் துவைக்க 860.

இந்தப் பட்டியலில் 34தான் நம் கவனத்துக்கு உரியது. ஜீன்ஸ் நிறுவனங்கள் "தண்ணீர் சேமிக்கிறோம்" என்று செய்யும் விளம்பரத்தில் பெரும்பகுதி இந்த 34 லிட்டரைச் சுற்றித்தான் நடக்கிறது. மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் அது வெறும் பூச்சா? சேலத்தில் இருந்து பார்ப்பவர் சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிட முடியாது. பருத்திக்கான 2,565 லிட்டர் ஏதோ ஒரு நாட்டு வயலில் ஆவியாகிப் போகிறது. வாஷிங் யூனிட்டின் 34 லிட்டரோ காரமும் உப்பும் நீலமும் சுமந்துகொண்டு ஒரே வாய்க்கால் வழியாக வெளியே வருகிறது. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து, சேலம் நகரத்துக்குள் புகுந்து, நாமக்கல் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு நகரத்தைத் தாண்டும்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த ஆறு எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லை, அதில் என்ன கரைந்திருக்கிறது என்றுதான் கேட்கிறது.

ஆகவே இந்த ஆய்வு லீவைஸின் நடவடிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சேலம் போன்ற கடினநீர் ஊரில் அவை என்ன பலன் தரும் என்று பார்க்கிறது.

வாட்டர்லெஸ்: 42 லிட்டரில் இருந்து தொடங்கியது

2010 கடைசியில் அறிவித்து 2011ல் கடைக்கு வந்த திட்டம் வாட்டர்லெஸ். சராசரி ஜீன்ஸ் ஒன்றை வாஷ் செய்ய 42 லிட்டர் ஆகிறது, அதைச் சராசரியாக 28 சதவீதம் குறைக்கலாம், சில மாடல்களில் 96 சதவீதம் வரை குறைக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். (மேலே சொன்ன 34 ஒரே மாடலுக்கான பிற்காலக் கணக்கு. இரண்டையும் கழித்துப் பார்த்து லாபம் எடுக்கக் கூடாது.)

செய்தது மாயமில்லை. தனித்தனியாக ஓடிய அலசல்களை ஒன்றாக்கினார்கள். துணியைத் தேய்த்துப் பழசாக்கப் போடும் கல்லைத் தண்ணீர் இல்லாமலேயே உருட்டினார்கள். துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போடும் தொட்டியையும் கடைசி அலசலையும் இணைத்தார்கள். சில மாடல்களுக்கு நீலத்தை வெளுக்க ஓசோன் வாயு வைத்தார்கள். 2016ல் இந்த முறைகளைப் போட்டி நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அது பாராட்டத்தக்க வேலை.

சிக்கல் எங்கே வருகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் காட்டலாம். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வாஷிங் யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லாட்டுக்கு, அதாவது மெஷினில் ஒரே தடவை ஓடும் தொகுதிக்கு, 100 பேன்ட், ஒன்று 600 கிராம், மொத்தம் 60 கிலோ. ஒரு பேன்ட்டுக்கு 42 லிட்டர் என்றால் லாட்டுக்கு 4,200 லிட்டர். போர் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்வோம். பாறைக்கு அடியில் இருந்து வரும் தண்ணீருக்கு இது அதிகப்படியான ஊகம் அல்ல.

வெளிர் நீலம் கேட்டிருக்கிறார்கள். 600 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 20 மில்லி வீதம் 12 லிட்டர் ஹைப்போ (நிறத்தை வெளுக்கும் குளோரின் கரைசல்) ஊற்றுகிறோம். கடையில் வரும் ஹைப்போவில் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் செயல்படும் குளோரின் இருந்தால், வேலை முடிந்து கடைசியில் ஒரு லிட்டர் ஹைப்போ சுமார் 165 கிராம் சாதாரண உப்பாக மிஞ்சும். 12 லிட்டருக்கு 2 கிலோ.

இந்த 2 கிலோ உப்பு 4,200 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 476 மில்லிகிராம். போர் தண்ணீரின் 1,500ஐச் சேர்த்தால் 1,976. கழிவுநீருக்கான வரம்பு 2,100. பாஸ்.

இப்போது வாட்டர்லெஸ் முறையில் 28 சதவீதம் தண்ணீரைக் குறைப்போம். 3,024 லிட்டர். அதே 2 கிலோ உப்பு இப்போது லிட்டருக்கு 661 மில்லிகிராம். 1,500ஐச் சேர்த்தால் 2,161. ஃபெயில்.

தண்ணீரை மிச்சம் பிடித்த பட்டறை சட்டப்படி குற்றவாளி, வீணடித்த பட்டறை சுத்தமானது. ஆனால் மொத்த உப்பை எடை போட்டால் கதை மாறுகிறது. முதல் பட்டறை லாட்டுக்கு 8.3 கிலோ வெளியேற்றியது. இரண்டாவது 6.5 கிலோதான், ஏனென்றால் குறைவாக இறைத்ததால் போர் தண்ணீரோடு வந்த உப்பும் குறைந்துவிட்டது. செய்த கெடுதல் குறைவு, மீட்டர் காட்டும் எண் அதிகம். இந்த இடைவெளியில்தான் "ராத்திரி கொஞ்சம் நல்ல தண்ணீரைக் கலந்து விட்டுவிடு" என்ற பழைய தந்திரம் பிறக்கிறது.

தீர்வு தண்ணீரில் இல்லை, ஹைப்போ கேனில் இருக்கிறது. பேன்ட்டுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்கும் நிறுவனம், பேன்ட்டுக்கு இத்தனை கிராம் ரசாயனம் என்றும் கேட்க வேண்டும். மேலே உள்ள லாட்டில் அது ஒரு பேன்ட்டுக்கு 20 கிராம் உப்பு. இந்த எண் ஏற்றுமதி ஆர்டர் தாளில் அநேகமாக இருப்பதில்லை.

கஞ்சி: யாரும் படம் எடுக்காத அழுக்கு

ஜீன்ஸ் கழிவு என்றதும் நீல நிறத்தைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஆக்சிஜனைத் தின்பதில் நீலம் பெரிய ஆள் இல்லை, கஞ்சிதான் பெரிய ஆள். தறியில் அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். ஜீன்ஸ் துணியான டெனிமில் நீளவாட்டில் ஓடும் பாவுதான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. சேலத்துக்காரருக்குக் கஞ்சி மாவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கு, சேகோ ஆலை, திப்பி, அதன் கழிவுநீர் நாற்றம் எல்லாம் ஆத்தூர் ரோட்டில் போகிறவர்கள் அறிந்தது. அதே மாவுச்சத்துதான் வாஷிங் யூனிட்டில் முதல் தொட்டியிலேயே இறங்குகிறது.

கணக்கு இது. துணியின் எடையில் பாவு சுமார் 60 சதவீதம். பாவு எடையில் 10 சதவீதம் கஞ்சி என்றால், 60 கிலோ லாட்டில் 3.6 கிலோ மாவு. ஒரு கிலோ மாவுச்சத்து முழுதாக எரிய 1.19 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் லாட்டுக்கு 4.3 கிலோ. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர், அதாவது 1:10 என்ற அளவில், 600 லிட்டர் தொட்டியில் கஞ்சி எடுத்தால் அந்தத் தண்ணீரின் சிஓடி (அழுக்கு எரியத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 7,100 மில்லிகிராம். தண்ணீரை மிச்சம் பிடிக்க 1:5க்கு இறங்கினால் 14,200. வெளியேற்ற வரம்பு 250. மற்ற அலசல் தண்ணீரெல்லாம் வந்து கலந்த பிறகும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈடிபியின் காற்றூட்டும் தொட்டிக்குப் பெரிய சுமை இந்த முதல் தொட்டியில் இருந்துதான் வருகிறது.

இதற்கு நல்ல வழி, முதல் தொட்டித் தண்ணீரை மட்டும் தனிக்குழாயில் பிரித்து எடுப்பது. சேகோ ஆலைகள் தங்கள் கழிவில் இருந்து எரிவாயு எடுப்பது போல, மாவு நிறைந்த சூடான தண்ணீரைக் காற்றில்லாத் தொட்டிக்கு அனுப்பலாம். எல்லாத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விட்டு நீர்த்துப்போகச் செய்த பின் இந்த வாய்ப்பு போய்விடும்.

கஞ்சி எடுக்கும் வேலையும் சொல்லும் அளவுக்கு எளிதில்லை. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்சைம், 60 முதல் 70 டிகிரி, பிஎச் 6 முதல் 6.5, இருபது நிமிடம். எடுத்துப் பிழிந்து ஒரு மூலையில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருநீலம் வந்தால் கஞ்சி அப்படியே இருக்கிறது. ஊதா என்றால் பாதி போயிருக்கிறது. மஞ்சள் பழுப்பாகவே நின்றால் அடுத்த தொட்டிக்குப் போகலாம். (ஜீன்ஸுக்குப் போடும் இண்டிகோ சாயத்தின் நீலத்தின் மேல் இந்த நிறம் தெரியாது. பாக்கெட் துணியில் விடக் கூடாது, அதில் கஞ்சியே இருக்காது. பேன்ட்டின் உள்பக்கம், வெள்ளை ஊடை மேலாக நிற்கும் இடத்தில் விட வேண்டும்.) கஞ்சி பாதி நின்றால், துணியைப் பழசாக்க அடுத்து வரும் என்சைம் சீராகப் பிடிக்காது, திட்டுத்திட்டாக நிறம் விழும், லாட்டைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

1:5க்கு இறங்குவதில் இன்னொரு வினை. மெஷினில் தண்ணீர் குறைந்தால் விறைப்பான புதுத் துணி மடிந்த இடத்திலேயே மடிந்து சுற்றும். மடிப்பின் முதுகில் உராய்ந்து வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அது அழியாது. லூப்ரிகன்ட் போட்டு, முதல் ஐந்து நிமிடம் மட்டும் 1:8ல் ஓட்டிப் பிறகு இறக்குவது நடைமுறை. லீவைஸ் மாதிரி நிறுவனம் தரும் லிட்டர் இலக்கை எல்லாத் துணிக்கும் ஒரே மாதிரிப் பிடித்துத் தொங்கினால் அந்தக் கோடுதான் மிச்சம்.

கல், மணல், பெர்மாங்கனேட், பிறகு லேசர்

பழசாகத் தெரிய வைப்பதற்கு ஒரு காலத்தில் அழுத்தமான காற்றில் மணலை அடித்தார்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் இறங்கி சிலிகோசிஸ் வந்து துருக்கியில் தொழிலாளர்கள் செத்தார்கள். துருக்கி அரசு 2009ல் தடை செய்தது. லீவைசும் எச் அண்ட் எம்மும் 2010 செப்டம்பரில் கைவிடுவதாக அறிவித்தன. மணல் போன இடத்தில் தேய்ப்புத் தாளும், நீலத்தை வெளுக்கும் பெர்மாங்கனேட் ரசாயன ஸ்பிரேயும் வந்து உட்கார்ந்தன. பெர்மாங்கனேட் தெளித்த இடம் முதலில் ஊதா, பிறகு பழுப்பு. அந்தப் பழுப்பு மாங்கனீஸ் டையாக்சைடு. மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்கினால்தான் வெள்ளை வெளியே வரும். மாங்கனீஸ் ஈடிபியில் படியும் சேறான ஸ்லட்ஜில் போய் நிற்கும், சல்பேட் உப்புக் கணக்கில் சேரும். முக்குவதில் அவசரப்பட்டால் தையல் மடிப்பில் பழுப்பு ஒளிந்துகொண்டு, கடைக்குப் போன பின் மஞ்சளாகத் தலைகாட்டும்.

2018ல் லீவைஸ் எஃப்எல்எக்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தது. கையால் மணிக்கு இரண்டு மூன்று பேன்ட் செய்த தேய்மான வேலையை லேசர் 90 வினாடியில் முடிக்கும், ஆயிரக்கணக்கான ரசாயனக் கலவைகள் சில டஜனாகக் குறையும், பெர்மாங்கனேட் தேவையே இருக்காது என்பது அதன் சாரம். நம் கிராம் கணக்குக்கு நேராகப் பொருந்தும் மாற்றம் இது. தண்ணீரைக் குறைப்பதைவிட ஹைப்போவையும் பெர்மாங்கனேட்டையும் குறைப்பதில்தான் ஆற்றுக்கு லாபம்.

லேசரின் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். அது சாயத்தையும் நாரின் மேல்தோலையும் எரிக்கிறது. எரிந்த சாம்பல் பேன்ட்டில் மஞ்சளாகப் படியும், அலசியாக வேண்டும். ஒரே இடத்தில் ஆழமாக அடித்தால் நூல் பலமிழக்கும், முழங்காலில் கிழியும். ஸ்ட்ரெட்ச் துணியில் ஊடைக்குள் இருக்கும் ரப்பர் இழை வெளியே நீட்டிக்கொள்ளும். புகையை உறிஞ்சும் குழாய் சரியில்லை என்றால் மெஷின்காரர் மூச்சில்தான் போகும். எல்லாவற்றுக்கும் மேல், லேசருக்குத் தோதான துணி வேண்டும். நூலின் மேல் வட்டத்தில் மட்டும் நீலம் பிடித்து நடு வெள்ளையாக இருந்தால்தான் மெல்லிய எரிப்பில் வெள்ளை தெரியும். சாயம் உள்ளே வரை இறங்கிய துணிக்கு லேசர் போதாது, திரும்ப ஹைப்போவைத்தான் தேட வேண்டும். அதாவது, வாஷிங் யூனிட்டின் ரசாயன அளவைப் பாதி தீர்மானிப்பது சாயப்பட்டறை.

ஓசோனும் அப்படித்தான். வேலை முடிந்ததும் ஆக்சிஜனாகிவிடும், உப்பு மிஞ்சாது. எக்ஸ்ட்ராக்டரில் பிழிந்த சீரான ஈரத்தில் போக வேண்டும். ஒரு பேன்ட் சொட்டச் சொட்ட இருந்தால் அது மட்டும் நீலமாகவே திரும்பி வரும். டிரம்மின் கதவு ரப்பர் போனால் ஆபத்து. தொழிலிடக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் ஓசோன் இருக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மூக்கில் வாசம் உறைத்தால் கதவைத் திறப்பதற்கு முன் மெஷினை நிறுத்துங்கள்.

கல்லுக்குப் பதில் போடும், பருத்தி நாரின் மேற்பரப்பை அறுக்கும் செல்லுலேஸ் என்சைம் பற்றி ஒன்றே ஒன்று. ஆசிட் வகை பிஎச் 4.5 முதல் 5.5 வரை, 50 முதல் 55 டிகிரியில் வேகமாக அறுக்கும், ஆனால் உதிர்ந்த நீலம் வெள்ளை ஊடையிலும் பாக்கெட்டிலும் திரும்ப ஒட்டும். நியூட்ரல் வகை மெதுவாகப் போகும், ஒட்டல் குறைவு. எதுவானாலும் வேலை முடிந்ததும் பிஎச்சை 9க்கு மேல் ஏற்றி 80 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டிக் கொல்ல வேண்டும். கொல்லாமல் விட்ட என்சைம், குடோனில் ஈரம் பட்டால் பேன்ட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

சாயத் தொட்டியில் ஹைட்ரோஸ்

லீவைஸ் கணக்கில் துணி தயாரிப்புக்கு 236 லிட்டர், வாஷைப் போல ஏழு மடங்கு. இண்டிகோ தண்ணீரில் கரையாது. காரமான காஸ்டிக் சோடாவும், சாயத்தில் இருந்து ஆக்சிஜனை இறக்கும் ஹைட்ரோசும் சேர்த்து பிஎச் 11 முதல் 11.5 வரை வைத்து மஞ்சள் பச்சையாகக் கரைத்து, நூலை முக்கி, காற்றில் காட்டினால் நீலமாகும். ஆறு முதல் எட்டு முறை முக்கிக் காற்றில் காட்டுவது வழக்கம். இதே முறையில் கரைத்து ஏற்றும் வேட் சாயம் போடும் சேலத்துப் பட்டறைகளுக்கு ஹைட்ரோஸ் பழக்கப்பட்ட பொருள். மழைக்காலத்தில் டிரம்முக்குள் ஈரம் புகுந்தால் தானே சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும் என்பதையும் அறிவார்கள்.

வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ இண்டிகோவுக்கு 0.66 கிலோ ஹைட்ரோஸ் போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் போகும், ஏனென்றால் நூல் காற்றில் போய்த் தொட்டிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனைக் கொண்டுவந்து ஹைட்ரோஸைக் கொல்கிறது. கொல்லப்பட்ட ஒரு கிலோ ஹைட்ரோஸ் கடைசியில் 1.63 கிலோ சோடியம் சல்பேட்டாக நிற்கும். கடினநீர் இதை இன்னும் கெடுக்கும். கால்சியமும் மெக்னீசியமும் கரைந்த இண்டிகோவைப் பிடித்துத் திரிக்கும், நிறம் மங்கும், அதை ஈடுகட்ட இன்னும் சாயம், இன்னும் ஹைட்ரோஸ். மெக்னீசியத் தாதுவான மேக்னசைட் தோண்டுகிற ஊரில், தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னர் பிளான்ட் இல்லாமல் இண்டிகோ தொட்டி வைப்பது வீண். ஆனால் அந்த சாஃப்ட்னரைக் கழுவவும் உப்புதான் போடுகிறோம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

முன்னமே கரைத்துத் திரவமாக வரும் இண்டிகோ வாங்கினால் முதல் ஹைட்ரோஸ் பங்கு மிச்சமாகும். டெனிம் நிறுவனம் துணி ஆலையிடம் இதைக் கேட்டு வாங்க முடியும். இண்டிகோ தரும் செடியான அவுரி பக்கம் போகலாமே என்று கேட்பார்கள். திண்டிவனம் பகுதியில் அவுரி சாயம் இன்னும் எடுக்கிறார்கள், நல்ல சாயம். அதையும் தொட்டியில் கரைக்க ஏதாவது ஒரு முறையில் ஆக்சிஜனை இறக்கித்தான் ஆக வேண்டும். செடியில் இருந்து வந்தது என்பதால் ஹைட்ரோஸ் தானாக ஒழியாது.

பூஜ்ஜியம் என்றால் ஆவி

நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறை தமிழ்நாட்டு சாயத் தொழிலின் அடிப்படையாகிவிட்டது. இங்கேதான் லீவைஸின் லிட்டர் கணக்கு முழு மதிப்பு பெறுகிறது. நம் மாதிரி லாட்டில் ஆர்ஓ 85 சதவீதத்தை மீட்டால், 4,200 லிட்டருக்கு உப்பு செறிந்த 630 லிட்டர் தண்ணீர் (ரிஜக்ட்) மிஞ்சும். 3,024 லிட்டருக்கு 454தான். ஒரு லிட்டரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நாலு அடுக்கு எம்ஈஈ (பல அடுக்கு ஆவியாக்கி) வைத்து அதே நீராவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் விறகோ நிலக்கரியோ எரிந்தாக வேண்டும். ஆறு தப்பிக்கிறது, புகைபோக்கி வேலை செய்கிறது. மிஞ்சுவது சல்பேட்டும் குளோரைடும் கலந்த உப்பு. பிரித்தால் திரும்பச் சாயத்துக்கு ஆகும், கலந்தால் மூட்டையாகக் குடோனில் கிடக்கும்.

2019ல் லீவைஸ் தன் தண்ணீர்த் திட்டத்தைத் திருத்தியது. எல்லா இடத்திலும் ஒரே இலக்கு என்பதை விட்டு, தண்ணீர்ப் பஞ்சம் உள்ள பகுதிகளில் உற்பத்தி நீரை 2018ஐ அடிப்படையாக வைத்து 2025க்குள் பாதியாக்குவது என்று மாற்றியது. ஒரு லிட்டர் எங்கே எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும் என்று ஒப்புக்கொண்டதால், என் பார்வையில் இது 96 சதவீத விளம்பரத்தைவிடப் பெரிய முன்னேற்றம். பருத்திக்கும் அதே வாதம் பொருந்தும். கொங்கணாபுரம் ஏலத்துக்கு வரும் மூட்டையில் மானாவாரியும் உண்டு, கிணற்றுப் பாசனமும் உண்டு. 2,565 என்ற சராசரி இரண்டையும் சொல்லாது. லீவைஸ் வாங்கும் பெட்டர் காட்டன் நெடுங்காலம் எடைக்கு எடை ஈடுகட்டும் முறையில் நடந்தது. நல்ல பருத்திக்குக் காசு போனது உண்மை, அது இந்தப் பேன்ட்டில் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வீட்டில்

லீவைஸின் அந்த 2015 கணக்கில் ஒரு பேன்ட்டின் மொத்தக் கரியமில வாயு வெளியீடு 33.4 கிலோ. அதில் 12.5 கிலோ வாங்கியவர் வீட்டில். பத்து முறை போட்ட பின் துவைத்தால் அமெரிக்க வீட்டில் 77 சதவீதம் குறையும் என்றார்கள். அங்கே சுடுதண்ணீரும் கரன்ட் டிரையரும் ஓடுகின்றன. சேலத்தில் மாடிக் கொடியில் ஒரு மத்தியானம் போதும், அந்தக் கரியமிலம் இங்கே பெரும்பாலும் கிடையாது. இங்கே பேன்ட்டின் ஆயுளைக் குறைப்பது துவைக்கிற கல்லும் பிளாஸ்டிக் பிரஷ்ஷும். முழங்காலில் பிரஷ் போட்டு உரசும் ஒவ்வொரு வாரமும் அது லேசர் செய்த வேலையைத் தொடர்கிறது. உள்பக்கம் வெளியே திருப்பி, ஊறவைத்து, கசக்கி அலசினால் போதும். மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் துவைத்தால் சோப்பும் குறையும்.

பழைய ஜீன்ஸைத் திரும்ப நாராக்கும் முயற்சியில், 2022ல் ஸ்வீடன் நாட்டு ரினியூசெல் பழைய பருத்தித் துணியில் இருந்து தயாரித்த சர்க்குலோஸ் என்ற கூழின் நார் கலந்த 501 வந்தது. 2024 பிப்ரவரியில் ரினியூசெல் திவாலாகி, பிறகு கைமாறியது. நார் நன்றாகத்தான் இருந்தது, ஆர்டர் வரவில்லை.

ஷேட் தாள்

கடைசியில் எல்லாம் டிசைனர் அறையில் முடிவாகிறது. அடர் நீலமாகவே விட்டால் கஞ்சி எடுத்து, அலசி, சாஃப்ட்னர் போட்டு மூன்று தொட்டியில் முடியும், ஹைப்போ பூஜ்ஜியம். வெளிர் நீலம் கேட்டால் மேலே பார்த்த 2 கிலோ உப்பு. இதற்கு அடுத்தது ஷேட் வரம்பு, அதாவது நிறம் எவ்வளவு மாறலாம் என்பது. அங்கீகரித்த மாதிரித் துண்டுக்கு இருபுறமும் ஒரு படி வெளிர், ஒரு படி அடர் என்று அனுமதித்தால் லாட் முதல் ஓட்டத்திலேயே தேறும். ஒரே துண்டைக் காட்டி இதேதான் வேண்டும் என்றால், பத்தில் இரண்டு லாட் மறுவாஷுக்குப் போகும். அந்த இரண்டு லாட்டுக்கு இன்னொரு 6,048 லிட்டர் வேண்டும். பத்து லாட்டிலும் சேர்த்து மிச்சம் பிடித்தது 11,760 லிட்டர்தான், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. மறுவாஷ் ஹைப்போவையும் சேர்த்தால் உப்பு 20 கிலோவில் இருந்து 24 ஆகிறது.